பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவரும் நீராவிக் கப்பலும்

அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையே, சாலையோரத்தில் அமைந்த சிற்றூர் பாலவநத்தம். கரிசலும் செவலும் கலந்த நிலம். மழையை நம்பிய கண்மாய்கள். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிக் காடுகள். கடல் அங்கிருந்து கண்ணுக்கெட்டாத தொலைவில் உள்ளது. அத்தகைய ஊரின் ஜமீன்தார் ஒருவர், நீராவிக் கப்பல் நிறுவனம் ஒன்றின் தலைவராக அமர்ந்து, உலகப் பெருங்கடல் வாணிகத்தில் கொடிகட்டிப் பறந்த ஆங்கிலேயக் குழுமத்திற்கு எதிர்நின்றார் என்பது நம் பகுதி மாணாக்கர் பலரும் அறியாத செய்தியாகும். அவரே நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட வள்ளல் பொன். பாண்டித்துரைத் தேவர்.

தமிழ்த் துறையினர் அவரைச் சங்கம் நிறுவிய புரவலராகவே போற்றி வருகின்றனர், அது தகும். வரலாற்றுத் துறையினர் அவர் பெயரைச் சுதேசிக் கப்பல் நிறுவன வரலாற்றில் ஒரு வரியில் குறித்துவிட்டு மேலே செல்கின்றனர். தமிழ் நூல்களைத் தேடிய உள்ளமும் நீராவிப் பொறியை நாடிய உள்ளமும் ஒன்றே என்பதை எண்ணிப் பார்ப்பது, கலையும் அறிவியலும் ஒரே கூரையின்கீழ்ப் பயிலப்பெறும் கல்லூரியினருக்குப் பொருத்தமாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

பாண்டித்துரைத் தேவர் 1867ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் உக்கிரபாண்டியன். தந்தையார் பொன்னுசாமித் தேவர், இராமநாதபுரம் சேதுபதி மன்னர் முத்துராமலிங்கரின் உடன்பிறந்தவர். சமத்தானத்தின் நிருவாகத்தைத் திறம்பட நடத்தியவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பழந்தமிழ் நூல்களை அச்சிடப் பொருளுதவி புரிந்த பெருமையும் அவருக்கு உண்டு. ஏட்டுச் சுவடியில் உறங்கிய நூலை அச்சு எந்திரத்தின் துணையால் வீடுதோறும் கொண்டு சேர்க்கலாம் என்று உணர்ந்த முதல் தலைமுறைப் புரவலருள் அவர் ஒருவர்.

தேவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தையார் காலமானார். எனினும் கல்விக்குக் குறை நேரவில்லை. அழகர்ராசு என்னும் புலவரிடம் தமிழும், வழக்கறிஞர் ஒருவரிடம் ஆங்கிலமும் கற்றார். உரிய வயது வந்ததும் பாலவநத்தம் ஜமீன் பொறுப்பை ஏற்றார். உடன்பிறந்தார் முறையுடைய பாஸ்கர சேதுபதி மன்னரும் அவரும் ஏறத்தாழ ஒத்த வயதினர். ஈகையிலும் தமிழன்பிலும் ஒத்தவர்கள். உ.வே. சாமிநாதையர் முதலான பதிப்பாசிரியர்க்கு அவர்கள் நல்கிய ஆதரவு தமிழுலகம் நன்கறிந்தது.

சேதுநாடு கலங்களைக் காணாத நாடன்று. கீழக்கரையிலும் தொண்டியிலும் மரக்கலம் செலுத்திய மரக்காயர் குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கடல் வாணிகம் செய்தவர்கள். கிழவன் சேதுபதி காலத்தில் கீழக்கரை வள்ளல் சீதக்காதி கடலில் ஈட்டிய செல்வத்தைப் புலவர்க்கு வாரி வழங்கினார். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவரும் அவரே. காற்றால் ஓடிய கலம், பொருளையும் தந்தது, தமிழையும் வளர்த்தது. அந்தக் காற்றின் காலம் தேவர் பிறந்தபோது முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

நீராவி வந்த வழி

அக்காலத்து மாற்றத்தை உணர நீராவிப் பொறியின் கதையைச் சிறிது அறிதல் வேண்டும். நீர் கொதித்து ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுகிறது. மூடிய உருளையில் ஆவியைப் புகுத்திப் பின்னர்க் குளிர்வித்தால், அது மீண்டும் சிறுதுளி நீராகச் சுருங்கி உள்ளே வெற்றிடம் தோன்றும். அப்போது வெளிக்காற்றின் அழுத்தம் உருளையின் உள்ளிருக்கும் தண்டினைக் கீழே தள்ளும். இந்த நெறியால் இயங்கும் பொறியை இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் 1712ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கமொன்றில் நிறுவினார். அதன் வேலை சுரங்கத்தில் ஊறிய நீரை இறைப்பது. நம் தோட்டத்துக் கிணற்றில் இரண்டு காளைகள் கமலை இழுத்துச் செய்த வேலையையே அந்த இரும்புப் பொறியும் செய்தது.

நியூகோமன் பொறியில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரே உருளையை ஒவ்வொரு முறையும் சூடாக்கவும் குளிர்விக்கவும் வேண்டியிருந்ததால் எரிபொருள் பெரிதும் வீணாயிற்று. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து வந்த ஜேம்ஸ் வாட், அப்பொறியின் மாதிரியொன்றைப் பழுதுபார்க்கப் புகுந்தபோது இக்குறையைக் கண்டார். ஆவியைத் தனிக் கலமொன்றுக்குக் கொண்டு சென்று குளிர்வித்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்னும் எண்ணம் 1765இல் அவருக்குத் தோன்றியது. 1769இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆயினும் எண்ணம் தோன்றியதும் எந்திரம் ஓடிவிடவில்லை. வாட்டுக்குத் துணைநின்று பொருள் செலவிட்ட ஜான் ரோபக் 1773இல் கடனில் மூழ்கி நொடித்தார். அதன்பின் பர்மிங்காம் நகரத் தொழிலதிபர் மாத்யூ போல்டன் பங்காளியாக வந்து பல்லாண்டு முதல் போட்ட பிறகே அப்பொறி ஊரறிய ஓடியது. நீராவிப் பொறி பிறந்த நாள்தொட்டே அறிவாளி ஒருவரோடு முதலாளி ஒருவரையும் வேண்டி நின்றது. பாண்டித்துரைத் தேவர் வாழ்க்கையின் பின்பகுதியை விளக்கும் திறவுகோல் இவ்வுண்மையே.

1807இல் ராபர்ட் ஃபுல்டன் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் நீராவிப் படகைச் செலுத்தினார். அதில் பொருத்தப்பட்டது போல்டன்-வாட் ஆலையில் செய்த பொறி. 1825இல் எண்டர்பிரைஸ் என்னும் நீராவிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவை வந்தடைந்தது. 1853இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி ஓடியது. தென்னாட்டில் 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை தண்டவாளம் நீண்டது. 1856இல் வில்லியம் மெக்கின்னன் என்னும் ஸ்காத்லாந்து வணிகர் கல்கத்தாவில் தொடங்கிய கப்பல் குழுமம், 1862இல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் குழுமம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அரசின் அஞ்சல் சுமக்கும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. ஆண்டுதோறும் உறுதியாக வரும் அந்தப் பணம் அதற்குக் கோட்டைச் சுவர்போல் அமைந்தது.

கரிசல் நாட்டில் நீராவி

நீராவியின் ஓசை நம் வறண்ட நாட்டிற்குப் பருத்தியின் வழியாக வந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தபோது லங்காசயர் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பருத்தி வருவது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, சாத்தூர், எட்டயபுரம் வட்டாரக் கரிசலில் விளைந்த பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கி மாட்டு வண்டிகளில் நகர்ந்தது. 1876இல் மதுரை-தூத்துக்குடி இருப்புப் பாதை நிறைவெய்தியது. அப்பாதை அருப்புக்கோட்டையைத் தொடாமல், அன்று விருதுபட்டி எனப்பட்ட விருதுநகர் வழியே சென்றது. பாதை தொட்ட ஊர் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. தொடாத ஊர்கள் அச்சந்தைக்கு வண்டி ஓட்டின. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் புகைவண்டி வருவதற்கு 1960கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இருப்புப் பாதை வந்த அதே 1876இல் தாது வருடப் பெரும்பஞ்சமும் வந்தது. மழை பொய்த்த நாட்டு மக்கள் இலங்கைத் தோட்டங்களை நோக்கிப் புறப்பட்டனர். உழைப்பாளிகளைக் கொழும்புக்குச் சுமந்து சென்றவற்றுள் தூத்துக்குடிக் கப்பல்களும் அடங்கும். வாணிகர் சென்றதும் அவற்றில்தான். பருத்தி அரைவையிலும் பொதி அழுத்துவதிலும் நீராவி புகுந்தது. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியின் வீழ்ச்சியைக் கொண்டும், தூத்துக்குடியில் நீராவியைக் கொண்டும் நூற்பாலைகள் நடத்தினர். அதே நிறுவனத்தாரே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் குழுமத்திற்குத் தூத்துக்குடியில் முகவராகவும் விளங்கினர்.

காட்டில் விதைத்தவன் நம்மவன், களையெடுத்தவள் நம்மவள், நெய்தவரும் நம்மவர். இடையிலே பஞ்சை அழுத்திய பொறியும், ஏற்றிச் சென்ற வண்டியும், கடல் கடத்திய கப்பலும் பிறர் கையில் இருந்தன. கட்டணத்தை அவர்களே வகுத்தனர். யார் சரக்கு முதலில் ஏறும் என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். பாய்க்கப்பலின் காலத்தில் ஒரு குடும்பம் தானே தோணி கட்டித் தானே ஓட்ட முடிந்தது. காற்றுக்கு விலை இல்லை. நீராவிக் கப்பலுக்கோ இலக்கக் கணக்கில் முதல் வேண்டும். பொறியியல் அறிந்தவர் வேண்டும். நாள்தோறும் நிலக்கரி வேண்டும். சரக்குத் தோணிகள் அதன்பின்னும் நெடுங்காலம் ஓடினவேனும், பயணிகளும் அஞ்சலும் நீராவியின் பக்கம் சென்றுவிட்டன.

சங்கம் கண்டவர்

இக்காலத்தில் தேவரின் உள்ளம் தமிழ்ப்பணியில் ஈடுபட்டிருந்தது. 1901இல் மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்த அவர், மேற்கோள் பார்ப்பதற்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டபோது, சங்கம் வளர்த்த அந்நகரில் அவை எளிதிற் கிடைக்கவில்லை என்றும், அந்த வருத்தமே சங்கத்திற்கு வித்தாயிற்று என்றும் வழிவழியாகச் சொல்வர். அதே ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பெற்றது.

பழம்பெருமை பேசிக் கலைந்த கூட்டமாக அச்சங்கம் அமையவில்லை. அதற்கெனப் பாண்டியன் புத்தகசாலை என்னும் நூலகம் அமைந்தது, செந்தமிழ்க் கல்லூரி எழுந்தது, அச்சகம் நிறுவப்பெற்றது, செந்தமிழ் என்னும் திங்களிதழ் இரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. தேர்வுகள் நடத்திப் பட்டம் வழங்கும் முறையும் உண்டாயிற்று. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி என்னும் பேரகராதி 1910இல் வெளிவரத் துணைநின்றது இச்சங்கமே. பன்னூற்றிரட்டு என்னும் தொகைநூலைத் தேவரே தொகுத்தளித்தார்.

அச்சங்கத்தில் சாதி சமய வேறுபாடு புலமைக்குக் குறுக்கே நிற்கவில்லை. நாகூர் தந்த பெரும்புலவர் குலாம் காதிறு நாவலர் அச்சங்கத்துப் புலவர்களுள் ஒருவராக உயர்ந்த இடம் பெற்று, நான்காம் தமிழ்ச் சங்கத்தின் நக்கீரர் எனப் போற்றப்பெற்றார். சைவரும் வைணவரும் இசுலாமியரும் ஒரு மேடையில் அமர்ந்து தமிழாய்ந்த காட்சியைத் தேவரின் ஈகை உண்டாக்கியது.

ஓர் அருஞ்செயலுக்கு அறிஞரும் செல்வரும் ஒருங்கு கூட வேண்டும் என்பதையும், கூடியவர்களை நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்பதையும் தேவர் சங்கப் பணியில் கண்டறிந்தார். அந்த அறிவு ஐந்தாண்டுகளுக்குள் கடலில் சோதிக்கப்பட்டது.

கப்பல் நிறுவனத் தலைவர்

ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்து, தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளை, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம்மவரே நீராவிக் கப்பல் ஓட்ட வேண்டும் என்று துணிந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய காலம் அது. 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து இலட்ச ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. இந்தியரும் இலங்கையரும் ஆசியக் கண்டத்துப் பிறநாட்டாருமே பங்குதாரராகலாம் என்று விதித்தனர்.

அந்நிறுவனத்தின் தலைவராக வ.உ.சி. நாடிய பெருமகன் பாண்டித்துரைத் தேவர். அப்போது தேவருக்கு வயது முப்பத்தொன்பது. ஜமீன்தார் எனப்படுவோர் ஆங்கில அரசின் நல்லெண்ணத்தை நம்பி வாழவேண்டிய நிலையில் இருந்தனர். நிலவரி, உரிமை வழக்கு, கடன் ஆகிய அனைத்திலும் ஆட்சியரின் கை நீண்டிருந்தது. அந்நிலையில் ஆங்கிலேயக் குழுமத்திற்குப் போட்டியாக எழுந்த நிறுவனத்தின் தலைமையை ஏற்பது துணிவான செயல். தம் பெயரையும் குடிப்பெருமையையும் அவர் ஈடாக வைத்தார் எனலாம். முன்பின் கப்பலையே காணாத கரிசற்காட்டு வணிகர் ஒருவர் இருபத்தைந்து ரூபாயை எடுத்துக் கொடுப்பதற்குப் பாலவநத்தத்தார் பெயர் ஒரு நம்பிக்கைச் சீட்டாக விளங்கியிருக்கும்.

நிறுவனத்தின் மற்றொரு பெருந்தூண் ஜனாப் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அவர் 8,000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்ச ரூபாய் வழங்கினார். நிறுவனத்தின் முழு மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒரு இசுலாமியப் பெருமகனிடமிருந்து வந்தது என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும். நிறுவனத்தின் செயலாளர் பொறுப்பிலும் அவர் விளங்கினார். வ.உ.சி. தமக்கென எடுத்துக்கொண்டது உதவிச் செயலாளர் என்னும் பதவியே. ஆயின் உழைப்பு முழுவதும் அவருடையது. மறவர் குலத்து ஜமீன்தாரும், இசுலாமிய வணிகரும், வேளாளர் குலத்து வழக்கறிஞரும் ஒரு நிறுவனத்தின் ஏட்டில் ஒருங்கே கையெழுத்திட்டனர்.

போட்டியும் பொறியின் கணக்கும்

தொடக்கத்தில் நிறுவனத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷாலைன் குழுமத்தாரிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினர். எதிர்த்தரப்பாரின் நெருக்குதலால் அக்குழுமம் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வ.உ.சி. உடனே கொழும்புக்குச் சென்று வேறொரு கப்பலை வாடகைக்குக் கொணர்ந்தார். வாடகைக் கப்பலை நம்பினால் நிலைக்க முடியாது என்று கண்டு, வடநாடு சென்று பொருள் திரட்டினார். 1907ஆம் ஆண்டு மே மாதம் காலியா, லாவோ என்னும் இரண்டு நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 சரக்கு மூட்டைகளும் செல்ல இடமிருந்தது. தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆகவே கரைக்கும் கப்பலுக்கும் இடையே செல்ல நீராவிப் படகுகளும் வாங்கப்பட்டன.

மக்கள் சுதேசிக் கப்பலில் ஏறினர். எதிர்க்குழுமம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் அக்குழுமம் பயணிகளைக் காசின்றியே ஏற்றி, குடையும் இனாமாகத் தர முன்வந்தது என்பர். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இச்செய்தியின் உள்ளே நீராவிப் பொறியின் கடுமையான கணக்கு ஒளிந்திருக்கிறது. பாய்க்கப்பல் ஆளின்றிக் கரையில் கிடந்தால் பெருஞ்செலவில்லை. நீராவிக் கப்பல் அறிவித்த நாளில் புறப்பட்டே தீர வேண்டும். பத்துப் பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் கொதிகலனுக்கு இடும் நிலக்கரி ஏறத்தாழ ஒன்றே. பொறியியலாளர் ஊதியமும் மாலுமிகள் ஊதியமும் மாறா. பல கடல்களில் பல கப்பல்களை ஓட்டி, அரசின் அஞ்சல் பணமும் பெறும் பெருங்குழுமம் ஒரு வழித்தடத்தில் நட்டத்தைப் பல மாதங்கள் தாங்கும். இரண்டே கப்பல்களும் ஒரே வழித்தடமும் உடைய நிறுவனத்திற்கு அந்த நட்டம் உயிரையே வாங்கிவிடும்.

இந்தக் கணக்கோடு அரசின் கையும் சேர்ந்தது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கி வெற்றி தேடித் தந்தனர். ஆலைப் பொறியும் கப்பல் பொறியும் ஒரே முகவர் கையில் இருந்ததால், இரண்டு முனைகளிலும் ஒரே வேளையில் போர் மூண்டது. மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் வ.உ.சி. சிறைப்படுத்தப்பட்டார். சூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தனர். கடலில் நீராவிப் பொறியை ஓட்டியவரை, மாடு இழுக்கும் மரப்பொறியில் பூட்டிய கொடுமை அது.

செயலாற்றுவோரை இழந்த நிறுவனம் தள்ளாடியது. 1911இல் அது கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. காலியாக் கப்பல் எந்தக் குழுமத்தை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் குழுமத்திற்கே விலைபோயிற்று. அதே ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பாண்டித்துரைத் தேவரும் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கே. வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளிவந்தபோது கப்பலும் இல்லை. கப்பல் நிறுவனத்திற்குத் தலைமை தாங்கிய பெருமகனும் இல்லை.

பின் விளைந்தவை

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்று, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை புகைவண்டியும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. தூத்துக்குடி-கொழும்பு வழியின் பயணிகள் போக்குவரத்து அதனால் குன்றியது. சுதேசி நிறுவனம் அன்றுவரை பிழைத்திருந்தாலும் அது புதியதொரு சோதனையைச் சந்தித்திருக்கும். நீராவி உலகில் ஒரு வழி திறக்கும்போது மற்றொரு வழி அடைபடும். அதைத் தாங்க ஆழ்ந்த முதலும் நெடிய பொறுமையும் வேண்டும்.

அவர்கள் இட்ட வித்து பட்டுப்போகவில்லை. 1919இல் பம்பாயில் வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் பிறரும் சேர்ந்து சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அதன் லாயல்டி என்னும் கப்பல் அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தெற்கே தூத்துக்குடித் துறையில் காலியாவும் லாவோவும் ஓடியதை அந்நாளில் நினைவுகூர்வது நன்று. 2011இல் தூத்துக்குடித் துறைமுகம் வ.உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. பாண்டித்துரைத் தேவர் பெயரை மதுரைத் தமிழ்ச் சங்கமும் செந்தமிழ்க் கல்லூரியும் சுமந்து நிற்கின்றன.

தேவர் வாழ்விலிருந்து நாம் பெறுவது

தேவர் தலைமை தாங்கிய இரண்டனுள் ஒன்று நிலைத்தது, மற்றொன்று வீழ்ந்தது. ஏன்? தமிழ்ச் சங்கத்தை நடத்தப் புரவலர் ஈகையும் புலவர் உழைப்பும் போதுமானவையாக இருந்தன. கப்பலை நடத்த அவை போதவில்லை. நிலக்கரி, துறைமுகம், அஞ்சல் ஒப்பந்தம், நீதிமன்றம் ஆகிய யாவும் பிறர் கையில் இருக்கும்போது பொறி மட்டும் நம் கைக்கு வந்தால் அது நெடுநாள் ஓடாது. இது தேவரையோ வ.உ.சி.யையோ குறைத்துச் சொல்வதாகாது. அவர்கள் முயன்று தோற்றதனாலேயே இவ்வுண்மை மக்களுக்கு வெளிப்பட்டது. அரசியல் உரிமையின்றித் தொழில் உரிமை நில்லாது என்பதைப் பத்து மேடைப் பேச்சுகளைவிட அந்த இரண்டு கப்பல்களின் கதை தெளிவாக உணர்த்தியது.

இன்று நீராவிப் பொறி காட்சிக்கூடப் பொருளாகிவிட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரை செல்லும் பாதையில் புகையும் கரியும் கக்கிய வண்டிகள் மறைந்துவிட்டன. மீட்டர் பாதையும் அகலப் பாதையாகிவிட்டது. நீராவியின் இடத்திற்கு டீசலும் மின்சாரமும் வந்தன, கணிப்பொறி வந்தது. பொறிகள் மாறினாலும் பொறியைச் சூழ்ந்த வினா மாறவில்லை. அதை ஆக்குபவர் யார், அதற்கு முதலிடுபவர் யார், அதன் பயனைத் துய்ப்பவர் யார் என்னும் வினாக்கள் ஒவ்வொரு தலைமுறையிடமும் விடை கேட்டு நிற்கின்றன.

தமிழ் பயிலும் மாணவர் எந்திரம் தமக்குரியதன்று என ஒதுங்குவதும், பொறியியல் பயிலும் மாணவர் தமிழ் தமக்குரியதன்று என ஒதுங்குவதும் பாலவநத்தத்துப் பெருமகனை மறந்தவர் செயலாகும். தம் சமூகத்துச் செல்வர் நல்ல முயற்சிக்குத் துணைநிற்க வேண்டும் என விரும்பும் பெரியோர், ஹாஜி முகம்மது பக்கீர் சேட் எடுத்த எண்ணாயிரம் பங்குகளை எண்ணிப் பார்ப்பாராக. கடலில்லாத கரிசற்காட்டில் ஜமீன் நடத்திய ஒருவர் கடலை நினைத்தார். ஏடு தேடிய கையால் கப்பலுக்குக் கையெழுத்திட்டார். அன்னாரின் நினைவைப் போற்றி, இம்மண்ணின் இளைஞர்கள் தமிழையும் தொழிலையும் ஒருங்கே கற்று, ஒன்றுகூடி உழைத்து உயர்வார்களாக.